மாசி மகத்துக்குப் பூட்டிய லேபில் முகம் காட்டிய கிருமி

தங்கச்சி,

நான் அன்றைக்கே சொன்னேன். இந்தக் கிருமி ஒருநாள் பெரிய ஆளாகும், நம் பீங்கான் தொழிற்பேட்டை வாசலிலேயே இதற்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதில் இருக்கிற பெயரை வாசிக்க முடியாமல் காலேஜ் படித்தவர்கள் எல்லாம் திணறுவார்கள், கடைசியில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன என்னைத்தான் தேடுவார்கள் என்று ஒன்று விடாமல் முன்கூட்டியே சொன்னவன் நான். நீதான் சிரித்தாய். இன்று காலை பத்தேகால் மணிக்கு அது அப்படியே நடந்தது. ஒட்டிய பசை காய்வதற்குள் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு நோட்டீஸ். மேலே சேற்றில் நிற்கிற இரண்டு கால்கள். அதன் கீழே, மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி, சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம் என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே அந்தப் பெயர். ஃபியூஸ் கம்பெனிப் பெண்கள், பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவர்கள், சூளை ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒட்ட வந்தவரே "பர்க்... பர்க்கோ..." என்று இரண்டு தடவை மோதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். பர்க்ஹோல்டீரியா சூடோமல்லெய் என்று ஒரே மூச்சில் வாசித்தேன். அதோடு விட்டேனா? உலகம் பாக்டீரியா, தொகுதி புரோட்டியோபாக்டீரியா, வகுப்பு பீட்டா, வரிசை பர்க்ஹோல்டீரியேல்ஸ், குடும்பம் பர்க்ஹோல்டீரியேசியே, பேரினம் பர்க்ஹோல்டீரியா, சிற்றினம் சூடோமல்லெய் என்று மேலிருந்து கீழே இறங்கினேன். தொகுதிக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்களாம், வந்தவர் திருத்தினார். வைக்கட்டும். எனக்கு நீ சொல்லிக்கொடுத்த பெயர்தான். கை தட்டினார்கள் தங்கச்சி. தட்டியது இரண்டு பேர்தான், மற்றவர்கள் கையெல்லாம் களிமண்.

உன் லேப் இருந்த பக்கம் தன்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே இப்போது மொபைல் ரிப்பேர்க் கடை. போன ஐப்பசியில் உன் இதயம் திடீரென்று நின்றுபோன பிறகு உன் தம்பி வந்து மைக்ராஸ்கோப்பையும் அலமாரிகளையும் கருவேப்பிலங்குறிச்சிக்கு ஏற்றிக்கொண்டு போனார். பலகையை மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள். இரத்தம், சிறுநீர், சளி பரிசோதனை என்கிற உன் பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் டச் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நீ என் கூடப் பிறந்தவள் இல்லை. என் கம்பெனிக்கு அடுத்த கதவில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து வந்த முதல் நாள், பூட்டு திறக்கவில்லை என்று சுத்தியல் கேட்டு வந்தாய். சுத்தியலைக் கொடுத்துக்கொண்டே, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற பீங்கானில் பாதி என் மண்ணில்தான் பிறக்கிறது என்று ஒரு சின்ன விவரம் சொன்னேன். நீ என் தொட்டியை எட்டிப் பார்த்தாய். நாலு ஆட்கள், ஒரு அரவை எந்திரம், வரிசையாக மின்சார ஃபியூஸ் கட்டைக்கான அச்சுகள்.

"அண்ணே, நீங்க சொல்றதுல பாதியைக் கழிச்சா, மீதியும் பொய்யா இருக்குது" என்றாய்.

அன்றிலிருந்து நீ தங்கச்சி. பதினொரு மணி டீ உனக்கும் சேர்த்துத்தான் வரும். கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, அதன் பிறகுதான் டம்ளரைத் தொடுவாய். டீ ஆறிப் போய்விடும். ஆறின டீயையே குடித்துப் பழகினவள் நீ.

மச்சினனுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு கார்த்திகையில். என் பெண்டாட்டி வளர்மதியின் தம்பி குமரேசனைத்தான் சொல்கிறேன். என் கம்பெனியில் மண் பக்குவம் முழுக்க அவன் கையில். நாற்பது வயதுக்குள்ளேயே சர்க்கரை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை, வாரத்துக்கு வாரம் சட்டை தொளதொளத்துக்கொண்டே போனது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் இருந்தது. சளியில் டிபி கிருமி தெரியவில்லை, ஆனால் நிழலைப் பார்த்தால் டிபி மாதிரி இருக்கிறது என்று அதற்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். தை முடிந்தது. மாத்திரையும் குறையவில்லை, காய்ச்சலும் குறையவில்லை. தொடையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வேறு கிளம்பியது. அதில் சீழ் எடுத்து ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். "சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்" என்று ஒரு வரியில் ரிப்போர்ட் வந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ பார்த்தாய். வளர்மதி அந்தப் பைலை உன் மேஜையில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நீ அந்த ஒரு வரியை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாய். நான் பக்கத்தில் நின்று, இது டிபியே இல்லை, எனக்கு மூக்கிலேயே தெரிகிறது என்றேன். சொன்னேனா இல்லையா? மறுநாளே குமரேசன் வீட்டுக்குப் போய், கட்டியிலிருந்து நீயே புதிதாகச் சீழ் எடுத்துவந்தாய். மூடி போட்ட கண்ணாடித் தட்டில், ஆட்டு ரத்தம் கலந்து உறைய வைத்திருந்த பரப்பில், அதைக் கோடு கோடாக இழுத்தாய். வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தாய். அன்று சாயங்காலமே லேபைப் பூட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் தேர், அதற்கு மறுநாள் மாசி மகம், அதன் பின் தெப்பம், அதை ஒட்டி ஒரு ஞாயிறு. நாலு நாளைக்கு நம்மூர் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பக்கத்து ஊர் ஜனம் மொத்தமும் மணிமுத்தாற்றில் இறங்கி நிற்கிறபோது விரலை நீட்டி ரத்தம் கொடுக்க எவர் வருவார்? பூட்டிவிட்டுப் போ தங்கச்சி என்று நான்தான் சொன்னேன். அதை மறந்துவிடாதே. அந்தப் பூட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஏனென்றால் சாதாரணமாக எந்தத் தட்டையும் இரண்டு நாளுக்கு மேல் நீ வைத்திருக்க மாட்டாய். பார்ப்பாய், எழுதுவாய், கொதிக்க வைத்துக் கொட்டிவிடுவாய். இரண்டு நாளில் இந்தக் கிருமிக்கு ஒரு விசேஷமும் இருக்காதாம். வழவழவென்று, வெள்ளையாக, மற்ற கிருமி மாதிரியே சாதுவாக இருக்குமாம். திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்த நீ, என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் என் அரவை எந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தேன்.

நீ முகமூடியும் கையுறையும் போட்டிருந்தாய். தட்டைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாய். வாசல்படியைத் தாண்டாமல் பாருங்கள் என்று கையை நீட்டித் தடுத்தாய். தட்டுக்குள்ளே ஒவ்வொரு புள்ளியும் சுருக்கம் விழுந்து, உலர்ந்து, காய்ச்சின பாலை ஆற வைத்தால் மேலே கட்டுகிற ஆடை மாதிரி மடிந்து மடிந்து கிடந்தது. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அச்சில் ஊற்றுகிற மண்குழம்பை மூடாமல் விட்டால் மேலே ஒரு தோல் காய்ந்து சுருங்குமே, அச்சு அசல் அது. கிட்டப் போய் மோந்து பார்க்கிறேன், மண் வாசனை வருகிறதா என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"மோந்து பாருங்க. அப்புறம் குமரேசண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்ல உங்களுக்கும் எடம் போடச் சொல்றேன்" என்றாய்.

மோந்து பார்க்காமலே எனக்கு வாசனை தெரிந்தது என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அது வேறு விஷயம்.

அன்று மதியம் நீ நடத்தின பாடம் இருக்கிறதே, எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்த ஒரே வகுப்பு அது. வாசல்படியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மைக்ராஸ்கோப்பில் நீ பார்த்தது சேலைக்குக் குத்துகிற ஊக்கு மாதிரி இருந்ததாம். இரண்டு முனையும் அழுத்தமான நிறம், நடுவில் வெற்றிடம். மருந்தில் நனைத்த சின்ன வட்டக் காகிதங்களைப் பூட்டுவதற்கு முன்பே தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாய்; மற்ற கிருமியெல்லாம் பயந்து ஒதுங்குகிற ஊசி மருந்துக்குப் பக்கத்திலேயே இது சாவகாசமாக வளர்ந்திருந்தது. அப்புறம் உன் தடித்த பழைய புத்தகத்தை எடுத்தாய். அதில் இந்தக் கிருமி சூடோமோனாஸ் என்கிற பேரினத்துக்குள் இருந்தது. புதிய புத்தகத்தை எடுத்தாய். அதில் வேறு பேரினத்தில் இருந்தது.

ஒரே கிருமி எப்படி இரண்டு வீட்டில் இருக்கும் என்றேன். பேரினம் என்பது வீட்டுப் பெயர், சிற்றினம் என்பது ஆள் பெயர் என்று ஆரம்பித்தாய். முன்பெல்லாம் வெளித்தோற்றத்தையும் எதைத் தின்கிறது என்பதையும் பார்த்து, ஒரே மாதிரி தெரிந்த குச்சிக் கிருமிகளையெல்லாம் ஒரே வீட்டில் அடைத்துவிட்டார்களாம். பிறகு உள்ளே இருக்கிற மரபுச் சரக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டதும், இவற்றில் ஒரு கூட்டத்துக்கும் அந்த வீட்டுக்கும் ரத்த சம்பந்தமே இல்லை என்று தெரிந்து, தனி வீடு கட்டிக் குடிவைத்தார்கள். வீடு மட்டுமா, குடும்பம், வரிசை, வகுப்பு வரைக்கும் வேறு.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நம் பேட்டையில் வெள்ளையாகப் பளபளக்கிற எல்லாவற்றையும் பீங்கான் என்று ஒரே சாக்கில் போடுவார்கள். ஃபியூஸும் வெள்ளை, மலிவுப் பொம்மையும் வெள்ளை. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒன்று உள்ளே கல் மாதிரி கெட்டி, ஒன்று டீயில் நனைக்கிற பொறை மாதிரி பொலபொலவென்று தண்ணீரை உறிஞ்சும். மேல் பளபளப்பை நம்பி மின்கம்பத்தில் பொம்மையை மாட்டினால் என்ன ஆகும்? இதை நான் சொன்னதும் நீ பேனாவைக் கீழே வைத்தாய். "அண்ணே, இதை எனக்குக் காலேஜ்ல யாரும் இவ்வளவு சுளுவா சொல்லலை" என்றாய். இதுவரை எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதுதான் பெரியது. சுவரில் மாட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேரினத்தின் மற்ற ஆட்களைப் பற்றியும் கேட்டேன். மல்லெய் என்று ஒன்று குதிரைகளுக்கு நோய் கொடுப்பது. நம்முடையது அது மாதிரி இருந்ததால், போலி மல்லெய் என்ற அர்த்தத்தில் சூடோமல்லெய். இன்னொன்று வெங்காயத்தை அழுக வைப்பது. அந்த வெங்காய அழுகலை ஆராய்ந்தவரின் பெயரைத்தான் மொத்தப் பேரினத்துக்கும் பின்னால் வைத்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த வளர்மதியிடம் நான் இதைச் சொல்லும்போது, அந்த விஞ்ஞானி சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்ததாகக் கொஞ்சம் தாளித்தேன். "அவங்க வூட்டுல சாம்பாரே கெடையாதுண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய். அப்புறம் தணிவாக, "பேருலயே போலி, நெஞ்சுல உட்கார்ந்தா டிபி மாதிரி நடிக்கும், தொடையில உட்கார்ந்தா சாதாக் கட்டி மாதிரி நடிக்கும். உங்க சொந்தக்காரன்தான்" என்றாய். வளர்மதி அந்த மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. குமரேசனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காரை வைத்துப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளர்மதி மடியில் அவன் தலை. முன் சீட்டில் நீ, உன் மடியில் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் அந்தத் தட்டு. தம்பியை மடியில் வைத்திருந்தவளைவிட நீதான் அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

அங்கே சேர்க்கிறபோது டாக்டரம்மா அவன் தொழிலைப் பற்றிக் கேட்டார். மண்ணில், சேற்றில் வேலை உண்டா, காலில் புண் இருந்ததா என்றார். நீ அப்போது தட்டை ஒப்படைக்க லேப் பக்கம் போயிருந்தாய். குமரேசன் பதில் சொல்கிற நிலையில் இல்லை. நான் சொன்னேன், நம் கம்பெனியில் ஒருத்தர் காலும் மண்ணில் படாது, எல்லாருக்கும் முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ், பத்து ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், எங்கள் பேட்டையிலேயே நான்தான் முதலில் என்று. அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை நீ உன் குறிப்பை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாய். முகம் சரியில்லை. அவர்கள் லேபில் உறுதியாகத் தெரிய இன்னும் இரண்டு மூன்று நாளாகும். அதுவரை நோயாளி தாங்குவாரா என்பதே சந்தேகம். மருந்தை இப்போதே மாற்றினால்தான் உண்டு. ஆனால் பைலில் மண் தொடர்பு இல்லை என்று இருக்கிறது. மண்ணில் இறங்காத ஆளுக்கு மண்ணில் வாழும் கிருமி எப்படி வரும், பூட்டிக் கிடந்த லேபில் நாலு நாள் இருந்த தட்டு, தூசி விழுந்திருக்கும் என்கிறார் டாக்டரம்மா. உன் தட்டைப் பொய்யாக்கியது என் வாய்.

வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, கம்பூட்ஸ் எத்தனை ஜோடி இருக்குது?"

பத்து என்றேன்.

"எத்தனை ஜோடி இருக்குதுண்ணே?"

"ஒண்ணு."

"அதை யாரு போடுறாங்க?"

"போட்டோ எடுக்க வந்தப்போ நான் போட்டேன்."

நீ சிரிக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. கார்த்திகை மழையில் என்ன நடந்தது என்று கேட்டாய். சொன்னேன். மண் ஊறுகிற தொட்டிக்குள் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. இடுப்பளவு கலங்கல். அனுப்ப வேண்டிய சரக்கு நிற்கிறது. குமரேசன் குதிகாலில் வெடிப்பு, வலிக்கிறது, நாளைக்கு இறங்குகிறேன் மாமா என்றான். சர்க்கரைக்காரன் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் அவனை வெறுங்காலோடு தொட்டிக்குள் நிற்க வைத்துத் தண்ணீரை இறைக்கச் சொன்னவன் நான். வளர்மதியிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். உன் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பக்கம் மழையில் சுற்றினான், அதில் வந்த காய்ச்சல் என்று. மூன்று மாதமாக அவள் தன் தம்பியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போயி சொல்லுங்க. இதை நீங்க சொன்னாத்தான் என் தட்டை நம்புவாங்க" என்றாய்.

நான் எழுந்தேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டரம்மா அறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள். எல்லாருக்கும் நடுவில் நின்று, அம்மா, கம்பூட்ஸ் கிடையாது, அவனைத் தொட்டியில் இறக்கினவன் நான், காலில் வெடிப்பு இருந்ததும் எனக்குத் தெரியும், எழுதினதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள் என்றேன். டாக்டரம்மா எழுந்து நின்று, இந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்தே நிமிஷத்தில் புதிய மருந்து குமரேசனின் ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உட்கார முடியவில்லை தங்கச்சி, எழுந்து நடந்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். மூன்றாம் நாள் அவர்கள் லேபும் அதே பெயரைச் சொன்னது. நீ எழுதிக்கொடுத்த அதே பேரினம், அதே சிற்றினம். ஐந்தாறு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எட்டாம் நாள் குமரேசன் கண்ணைத் திறந்து, தொட்டியில் மண் காய்ந்துவிடப் போகிறது, ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள் மாமா என்றான். இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி. அப்புறம் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் மாத்திரை. நடுவில் விட்டால் கிருமி ஒளிந்திருந்து திரும்பி வரும் என்று, தினமும் காலையில் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நீ லேபைத் திறப்பாய். அவன் என்னைவிடத் திருடன், நாக்குக்குக் கீழே ஒளித்து வைப்பான். அதையும் கண்டுபிடித்தாய். இன்றைக்கு அவனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வாசலில் நோட்டீஸ் ஒட்டும்போது கூட்டத்தில் முழங்கால் வரை கம்பூட்ஸோடு நின்று பட்டாணி தின்றுகொண்டிருந்தான். இப்போது நிஜமாகவே பத்து ஜோடி இருக்கிறது.

வளர்மதி? உனக்கே தெரியும். உண்மை தெரிந்த பிறகு பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு எதிரே தள்ளிவிட்டுப் போய்விடுவாள். பதினெட்டாம் நாள் ரசம் ஊற்றும்போது சொன்னாள்: "நீங்களா உள்ள போயி டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் வுட்டேன். இல்லைன்னா எங்க தம்பி வூட்டுக்கே போயிருப்பேன்." அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் எங்கள் வீடு இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது.

இங்கே முடித்து மடித்து வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காலையில் நடந்ததில் ஒன்றை மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன். நான் வரிசை, குடும்பம் எல்லாம் ஒப்பித்து முடித்ததும், வந்தவர் அசந்துபோய், இந்த ஊரில் முதலில் இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "இவருதான் சார். டாக்டர் எதிர்ல போயி நின்னு உண்மையைச் சொல்லி எங்க தம்பி உசுரைக் காப்பாத்துனாரு" என்றாள். அந்தப் பெருமையோடு அவள் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. வந்தவர் என் பெயரைக் குறித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். உன் பெயர் என் வாயில் வரவில்லை. உன் பலகைக்கு இருபதடி தூரத்தில் நின்றுகொண்டு தலையாட்டினேன்.

தங்கச்சி, நான் அந்த அறைக்குள் போகவில்லை.

உனக்குத் தெரியும், உன்னிடமே கதை விட்டிருக்கிறேன் பார். இத்தனை தடவை சொல்லிச் சொல்லி, எழுதும்போது கை தானாகவே கதவைத் தள்ளிவிடுகிறது. கதவு வரை போனேன். கைப்பிடி சில்லென்று இருந்தது. உள்ளே போய்ச் சொன்னால் வளர்மதிக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்ததும் திரும்பி நடந்தேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் போய் நின்றுகொண்டேன். பத்து டாக்டர்கள், கைகுலுக்கல் எல்லாம் நான் வைத்த வர்ணம். உள்ளே போனது நீ. அவனுடைய அக்கா வீட்டுக்காரர் சொல்லச் சொன்னார், வெட்கத்தில் வெளியே நிற்கிறார் என்று சொல்லி அந்தப் பைலைத் திருத்த வைத்தது நீ. அப்புறம் வார்டுக்குப் போய் வளர்மதியிடம், "அண்ணன் உள்ள போயி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு அண்ணி" என்று சொன்னதும் நீ. என் புளுகை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவள், அன்றைக்கு எனக்காக ஒன்று சொன்னாய். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "இதை மட்டும் பெருசு பண்ணாதீங்கண்ணே" என்றாய். பெரிசு பண்ணத்தான் செய்தேன். உன் பெயரே தெரியாத அளவுக்குப் பெரிசு பண்ணிவிட்டேன்.

நீ கொடுத்த அந்த ஒரு வரியைத்தான் இத்தனை காலமும் சுமந்துகொண்டு திரிகிறேன். காலையிலிருந்து அது கனக்கிறது. வந்தவர் எழுதிக்கொண்ட பெயரை நாளைக்குப் போய் மாற்றச் சொல்லலாம், அது சுலபம். கஷ்டமானது வீட்டுக்குள் இருக்கிறது. நான் எதை எழுதினாலும் எழுத்துப் பிழை பார்ப்பது வளர்மதிதான், அவள் பத்தாவது பாஸ். பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. கதவு ஒருக்களித்திருக்கிறது. இந்தத் தடவை கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போகிறேன்.